சுற்று எண்ணும் பெட்டியும் என் கட்டைவிரலும்

அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: செல்போன் கடை அண்ணன், டிராக்டர் மெக்கானிக், பி.டி. மாஸ்டர், நான். இல்லாதவர் ஒருவர்தான், எங்கள் சங்கத்துப் பொருளாளர். உரக்கடை வைத்திருப்பவர். அக்கா மகனுக்கு மேல்மலையனூரில் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் குத்த முடியாது என்பதால் மடியோடு போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எதைச் சொன்னாலும் முதலில் "எவ்ளோ ஆவும்?" என்று கேட்கிற மனிதர். குட் மார்னிங் சொன்னாலும் கேட்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அன்றைக்கு ஆள் இல்லாமல் போனது. அதனால் மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்தவன்.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ரிமோட் கார்களைப் பந்தயம் விடுகிற ஐந்து பேர், அவ்வளவுதான். கார் முழங்கை நீளம் இருக்கும். பேட்டரியில் ஓடும், ஆனால் மொபெட்டை முந்தும். விலையும் ஒரு பழைய மொபெட் விலை. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் நெல் காய வைக்கிற சிமெண்ட் களம் இருக்கிறது. மில்லில் உலர்த்துகிற மெஷின் வந்த பிறகு களத்துக்கு வேலை குறைந்துவிட்டது. மில் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஒரே நிபந்தனை, நெல் கொட்டியிருந்தால் கார் கிடையாது. அறுவடை சமயத்தில் மெஷின் நிரம்பி வழியும்போது களத்திலும் நெல் பரப்புவார்கள். அந்த வாரங்களில் நாங்கள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நெல் எப்போது காயும் என்று விவசாயியைவிட அதிகக் கவலையோடு வானத்தைப் பார்ப்போம்.

வளைவுகளில் உமி மூட்டை. கார் மோதினால் மூட்டைக்கும் வலிக்காது, காருக்கும் வலிக்காது. எங்கள் வீட்டில் யாராவது வந்து என்னைக் கேட்டால், "மில்லுக்குப் போயிருக்கான்" என்று அம்மா சொல்வாள். இன்ஜினியரிங் முடித்த பையன் பொம்மைக் கார் விடப் போயிருக்கிறான் என்று எப்படிச் சொல்வாள்? கேட்டவர்கள் எனக்கு மில்லில் வேலை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். ஒரு டூவீலர் ஷோரூமில் பில் போடுவதுதான் என் வேலை. மில் வேலை அதைவிடக் கௌரவமாகத் தெரிந்ததால் நானும் யாரையும் திருத்தவில்லை.

இந்த விளையாட்டில் காரை ஓட்டுவது சுலபம், சுற்றை எண்ணுவதுதான் கஷ்டம். நான்கு கார்கள் ஒரே நேரத்தில் இருபது சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்குப் பதினைந்து செகண்ட். யார் எத்தனையாவது சுற்று என்று ஆரம்பத்தில் வாயால் எண்ணிப் பார்த்தோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சண்டை. ஒரு தரம் மெக்கானிக்கும் செல்போன் கடை அண்ணனும் ஒரு சுற்றுக்காக இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. மெக்கானிக்கின் போன் டிஸ்பிளே உடைந்தபோதுதான் சமாதானம் வந்தது.

அதனால் பெட்டி வாங்கினோம். சென்னையில் ஒரு சங்கம் கலைந்தபோது பழைய சாமான் விலைக்குக் கிடைத்தது. களத்தில் குறுக்கே மெல்லிசாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு வயரைப் பதித்து, மேலே சிமெண்ட் பூசினோம். வயரின் முனை பெட்டிக்குப் போகும். ஒவ்வொரு காருக்குள்ளும் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சிப். கார் வயரைத் தாண்டினால் பெட்டி 'பீப்' என்று கத்தும், லேப்டாப்பில் பேரும் சுற்றும் நேரமும் விழும். செகண்டை ஆயிரமாக நறுக்கிக் காட்டும். அதற்குப் பிறகு சண்டை இல்லை. தோற்றவன் மெஷினிடம் தோற்றதாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

பெட்டியைச் செய்கிற கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது. அங்கிருந்து வருகிற மெயில்கள் இங்கிலீஷில் வரும். அதனால்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கார் ஓட்டுவதில் நான் ஐந்தாவது. மொத்தம் ஐந்து பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் போட்டதும் என் போனில் ஒரு அறிவிப்பு வந்தது. பெட்டிக்கும் போனுக்கும் இணைப்பு உண்டு. புதிய நிபந்தனைகள், புதிய அப்டேட் என்று ஆரம்பித்து நீளமாகப் போனது. கீழே இரண்டு பட்டன். ஒன்றில் 'பிறகு', இன்னொன்றில் 'ஒப்புக்கொள்கிறேன்'.

"இன்னாப்பா போட்டுக்குது?" என்றார் பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முடிகிற மாதிரி இல்லை. வெயிலில் பாதி தெரியவில்லை. தெரிந்த பாதி புரியவில்லை. 'இதனால்', 'மேற்படி', 'இவ்வகையில்' என்று வக்கீல் வீட்டு இங்கிலீஷ். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது நோயாளி பார்ப்பானே, அந்தப் பார்வை. அந்த மூன்று ஜோடிக் கண்ணுக்கு முன்னால் "எனக்குப் புரியல" என்று சொல்ல என்னால் முடியவில்லை. பதினாறு வருடம் படித்தது அதைச் சொல்லவா?

"சாதாரண அப்டேட்தான் மாஸ்டர். பாதுகாப்புக்காக" என்றேன். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"நம்ம செகரட்ரி இருக்கும்போது இன்னா கவலை" என்றார் செல்போன் கடை அண்ணன். அந்த வாக்கியத்தை அவர் பிறகு எத்தனையோ தடவை, எத்தனையோ தொனியில் சொல்லிவிட்டார்.

பெட்டியின் விளக்கு பத்து நிமிடம் மினுக்கியது. பிறகு பச்சை வந்தது. மெக்கானிக் தன் மஞ்சள் காரை எடுத்து வயரைத் தாண்டி ஓட்டினார். பீப் இல்லை. திரும்ப ஓட்டினார். இல்லை. காரைக் கையில் தூக்கி வயர் மேல் தேய்த்தார். பெட்டி அவரை யார் என்றே கேட்கவில்லை. நான்கு காரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெட்டி உயிரோடுதான் இருந்தது. எங்களைத்தான் தெரியவில்லை.

மறுநாள் பெங்களூரில் இருக்கிற விற்பனையாளருக்குப் போன் போட்டேன். நிதானமாகப் பேசுகிறவர். அவரும் நான் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

"பழைய பெட்டி, பழைய சிப் ரெண்டையும் கம்பெனி நிறுத்துறாங்க சார். எல்லாரும் புதுசுக்கு மாறணும். சிப்புக்கு இனிமே வருஷா வருஷம் கட்டணம் உண்டு. நீங்க 'பிறகு'ன்னு அழுத்தியிருந்தா இன்னும் மூணு மாசம் ஓடியிருக்கும். அப்பறம் அதுவே நின்னுடும்."

"மூணு மாசமா?"

"ஆமா சார். எட்டாவது பாராவுல தெளிவா போட்டிருக்காங்களே, படிக்கலையா?"

எங்களுக்கு மூன்று மாதம் தேவைப்படவில்லை. மூன்றே வாரம் போதும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் முதல் தடவையாக வெளியூர்க்காரர்களை அழைத்துப் பந்தயம் வைத்திருந்தோம். புதுச்சேரி, திண்டிவனம், திருவண்ணாமலை என்று மூன்று ஊர்க்காரர்கள் பேர் கொடுத்து, நுழைவுக் கட்டணமும் அனுப்பிவிட்டார்கள். இத்தனை நாளும் நாங்கள்தான் காரைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் ஊருக்குப் பஸ் ஏறுவோம். "செஞ்சியா, கோட்டை இருக்கே, அங்கேயா?" என்பார்கள். கோட்டைக்குப் பிறகு எங்கள் ஊரில் எதுவும் நடக்கவில்லை என்கிற மாதிரி. அவர்கள் ஒருமுறை வந்து, இதுவும் ஒரு சங்கம்தான் என்று ஒப்புக்கொண்டு, அடுத்த வருடமும் வர வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். நோட்டீஸ் எழுதியவன் நான். 'கம்ப்யூட்டர் மூலம் துல்லியமான நேரக் கணக்கு' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

கம்பெனிக்கு மனு எழுதினேன். இங்கிலீஷில் எனக்கு முழுசாக எழுதத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்று. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த லீவ் லெட்டர். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்தால் கை தானாக ஓடும். பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், எங்கள் பெட்டி நேற்று முதல் சுகமில்லாமல் இருப்பதால், அதற்கு மூன்று வாரம் கருணையுடன் அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மாணவன் என்று வந்துவிட்டது. மாணவனை அழித்துச் செயலாளன் என்று போட்டேன். கீழ்ப்படிந்த என்பதை அழிக்கவில்லை. அது உண்மைதானே?

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ஆஹா, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று திறந்தேன். தொடர்பு கொண்டதற்கு நன்றி, உங்கள் கோரிக்கைக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறோம் என்று இருந்தது. கீழே புதிய பெட்டியின் விலைப்பட்டியல். காதில் மைக் மாட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோரிக்கை எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோரிக்கைதான் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சிங்கவரம் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். டவுனில் உரம் வாங்கப் போன என் அப்பாவிடம், எங்கள் நைனாவிடம், பொருளாளரே சொல்லி அனுப்பிவிட்டார்.

இங்கே நைனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நைனா எந்தப் பேப்பராக இருந்தாலும் இடது கட்டைவிரலை நீட்டுகிறவர். சொசைட்டி லோன், ரேஷன் கார்டு, நகை அடமானம், எதுவானாலும் விரல்தான் முதலில் போகும். நான் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் பேங்கில் கவுண்டருக்கு முன்னால், அத்தனை ஜனத்துக்கும் கேட்கிற மாதிரி, "நைனா, படிச்சிக் காட்டச் சொல்லாம எங்கயும் கைநாட்டு வெக்கக் கூடாது" என்று பாடம் எடுத்தேன். கிளார்க் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நைனா மை தடவிய விரலைக் காற்றில் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தப் பேப்பரை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டிய பிறகுதான் வைக்கவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை என்னவெல்லாம் திட்டினார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அதையெல்லாம் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நைனா சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"படிச்சிப் பாத்துட்டுத்தானப்பா வெச்ச?"

"பாத்தேன்."

"படிச்சியா?"

நான் அப்பளத்தை உடைத்தேன். நைனா தன் இடது கட்டைவிரலை ஒருதரம் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அம்மாவுக்கு என்ன சிரிப்பு என்றே புரியவில்லை. புரிய வைக்க இரண்டு பேருமே முயற்சி செய்யவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பொருளாளர் வந்தார். மருமகனின் காதுகள் நலம் என்று தெரிந்துகொண்டோம்.

"எவ்ளோ ஆவும்?"

சொன்னேன். புதுப் பெட்டி ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். சிப் ஒன்று ஏழாயிரத்து இருநூறு. அதற்கு வருடக் கட்டணம் தொள்ளாயிரம்.

அவர் ஐந்து நிமிடம் விரல் மடக்கிக் கூட்டினார். உரக்கடையில் கடன் கேட்பவர்களுக்குக் கூட இவ்வளவு நேரம் கணக்குப் பார்த்ததில்லை. பிறகு மில் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு லாரியில் அரிசி மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

"அவங்க மூட்டைய எப்டி எண்றாங்க?" என்றார்.

மில்லில் மூட்டை எண்ண ஒரு வழக்கம் உண்டு. கதவு ஓரத்தில் மேஸ்திரி ஈர்க்குச்சிகளை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு மூட்டை தாண்டினால் ஒரு குச்சி, நெல் அளக்கிற படியில் விழும். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார். அதன்பின் இரண்டு, மூன்று. கையில் குச்சி தீர்ந்தால் லோடு முடிந்தது. அந்த மில்லில் ஒரு மூட்டை கூடவோ குறையவோ போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"ஆளுக்கு இருவது குச்சி. ஒரு காரு, ஒரு ஆளு. காரு தாண்டுனா குச்சிய போடு. கை காலியானா ரேஸ் முடிஞ்சிது" என்றார் பொருளாளர். "பிரியாணி வாங்கிக் குடுத்தா ஞாயித்துக்கெழம நிப்பாங்க."

"அப்ப துல்லியமான நேரக் கணக்கு?" என்றேன்.

"அத்த நோட்டீஸ்ல நீதான போட்ட? நீயே பண்ணு."

பந்தயத்தன்று காலையிலேயே மூன்று ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். பி.டி. மாஸ்டர் வாசலிலேயே நின்று, "மொத தடவ செஞ்சிக்கு வந்துக்கிறீங்க, ராஜகிரிக் கோட்ட ஏறாம போவலாமா? ரேஸ் பதினொரு மணிக்குத்தான்" என்று அனுப்பிவைத்தார். நான் அதை விருந்தோம்பல் என்றே நினைத்தேன். பதினொரு மணிக்கு அவர்கள் இறங்கி வந்தபோது ஒவ்வொருவருக்கும் கால் நடுங்கியது. ரிமோட் பிடித்த கையும் நடுங்கியது. மாஸ்டர் எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நடுங்காத கை ஒன்று இருந்தது. புதுச்சேரி அணித் தலைவருடையது. முழங்கால் வலி என்று அவர் கீழேயே உட்கார்ந்திருந்தார்.

பெட்டி இல்லை என்றதும் அவர்கள் முகம் கொஞ்சம் மாறியது. மூன்று ஊரிலும் ஏற்கெனவே புதுப் பெட்டிக்கு மாறிவிட்டிருந்தார்கள். ஆனால் குச்சி எண்ணுவதைப் பார்த்ததும் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். உண்மையாகவே நன்றாக நடந்தது. மேஸ்திரியும் மூட்டை தூக்குகிற மூன்று பேரும், நான்கு படி. "லாபம்!" என்று கத்துவதும் குச்சி விழுவதுமாக, முதல் போட்டிகளில் ஒரு சின்னத் தகராறுகூட இல்லை. மேஸ்திரி காரைப் பார்க்கவே மாட்டார், தரையில் போட்ட கோட்டைத்தான் பார்ப்பார். நேரம் சொல்லத்தான் ஆளில்லை. யார் முதலில் வந்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

இறுதிப் போட்டிக்கு ஐந்து கார்கள். எண்ண இருந்ததோ நான்கு பேர். ஐந்தாவது ஆள் வேண்டும்.

"நான் எண்றேன்" என்றேன்.

"வாணாம்" என்றார் பொருளாளர்.

"அண்ணா, இருபது வரைக்கும் எண்ணத் தெரியாதா எனக்கு?"

யாருக்கு எந்தக் கார் என்று சீட்டுக் குலுக்கினோம். எனக்கு வந்தது மஞ்சள், எங்கள் மெக்கானிக்கின் கார். சொந்த ஊர்க் காருக்குச் சொந்த ஊர் ஆளா என்று திண்டிவனத்துக்காரர் ஒருவர் முனகினார். புதுச்சேரித் தலைவர், "படிச்ச புள்ள, ஏமாத்த மாட்டாரு" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை எனக்குத் தலைக்கு ஏறியது. மேஸ்திரி நீட்டிய இருபது குச்சியை வாங்கவில்லை. பேப்பரும் பேனாவும் போதும் என்றேன். வெறும் எண்ணிக்கை எதற்கு? ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தையும் எழுதுவோம், நோட்டீஸில் போட்ட வாக்கைக் காப்பாற்றுவோம். கட்டம் போட்டேன். வரிசை எண், நேரம், குறிப்பு. குறிப்பு எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாஸ்டர் விசில் ஊதினார். ஆறு சுற்று அழகாகப் போனது. பதினைந்து, பதினாறு, பதினைந்து. ஏழாவதை எழுதும்போது ஏழு சரியாக வரவில்லை. ஒன்று மாதிரி இருந்தது. பின்னால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாதே என்று அதற்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டேன். கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நிமிர்ந்தபோது மஞ்சள் கார் தூரத்து வளைவில் இருந்தது. எந்தப் பக்கமிருந்து அங்கே போனது என்று நான் யோசிக்கவே இல்லை.

கடைசியில் மஞ்சளும் புதுச்சேரியின் நீலமும்தான். மஞ்சள் ஒரு கார் நீளம் முன்னால் கோட்டைத் தாண்டியது. மெக்கானிக் ரிமோட்டைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார். நான் என் பேப்பரைப் பார்த்தேன். பத்தொன்பது. அதற்குள் மேஸ்திரியின் கடைசிக் குச்சி படியில் விழுந்தது. "நீலம் காலி!"

"டேய், இன்னாடா கம்முனு உக்காந்துன்னுகிற? சொல்றா, முடிஞ்சிதுன்னு சொல்றா!" மெக்கானிக் களத்துக் குறுக்கே ஓடி வந்தார்.

"மாமா, பத்தொம்பதுதான் இருக்குது."

"எங்க இருக்குது?"

"எழுதிக்கிறேன்."

மேஸ்திரி எழுந்து நின்று, "ஐயா, மஞ்ச வண்டிதான் முன்னால முடிச்சிது, எங்கண்ணால பாத்தேன்" என்றார். நீலத்தை எண்ணியவரே அவர்தான். மற்ற மூன்று பேரும் ஆமாம் என்றார்கள். ஆனால் களத்தில் எழுத்தில் இருந்தது என் பேப்பர் ஒன்றுதான். எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். குச்சிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெக்கார்டுன்னா ரெக்கார்டுதானே" என்றார் திண்டிவனத்துக்காரர்.

நானே கண்டுபிடித்தேன். எட்டாவது கட்டத்தில் முப்பத்தொரு செகண்ட். மற்றதெல்லாம் பதினைந்து, பதினாறு. "இங்க பாருங்க, இங்க ஒரு சுத்து விட்டுப்போச்சி" என்று ஆர்வமாகக் காட்டினேன். தப்பைக் கண்டுபிடித்தவன் என்ற சந்தோஷத்தில், தப்பு என்னுடையது என்பது ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

"கார் அங்க கவுந்திருக்கலாமே தம்பி?" என்றார் புதுச்சேரித் தலைவர், பணிவாகவே.

கவிழவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஆனால் குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது.

பொருளாளர் பையைத் திறந்து, முதல் பரிசு மூவாயிரத்தை இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். இரண்டாவது மூவாயிரத்தை எண்ணும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் ஒருதரம் என்னைப் பார்த்தார். மெக்கானிக் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்குப் பணம் வாணாண்டா, இருவது வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய் உமி மூட்டை மேல் உட்கார்ந்தார். அது எனக்கு உண்மையாகவே வலித்தது. வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தும் அந்த இடம் மட்டும் வேடிக்கையாக வருவதில்லை.

வேன் ஏறும்போது புதுச்சேரித் தலைவர் என் தோளில் கை போட்டார்.

"களம் பிரமாதம் தம்பி. எங்க ஊர்ல இப்டி ஒரு தரை இல்ல. ஆனா பெட்டி வாங்கிடுங்க. நாங்க மட்டும் சந்தோஷமாவா வாங்கினோம்? மூணு பேரு கார வித்தோம். இன்னா பண்றது, கம்பெனிக்காரன் கதவ சாத்திட்டான். பெட்டி இருந்தா அடுத்த வருஷம் பத்துப் பேரோட வர்றேன். இல்லன்னா நானே சொன்னாலும் பசங்க வர மாட்டாங்க."

அந்த வாரமே கூடினோம். இந்தத் தடவை ஐந்து பேரும் இருந்தோம். வாங்க வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொருளாளர்கூடச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வேன் வந்து களத்தில் நின்றதை அவரும் பார்த்திருந்தார். அவருடைய போனில் மேஸ்திரி "லாபம்!" என்று கத்துகிற வீடியோவை நானே பார்த்தேன்.

முழுப் பணத்தையும் நானே மாதாமாதம் கட்டிவிடுகிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன்.

"ஒக்காருப்பா" என்றார் செல்போன் கடை அண்ணன். "நீ அழுத்தலன்னாலும் மூணு மாசத்துல நின்னுதான் இருக்கும். கம்பெனி பண்ணது கம்பெனி கணக்கு. நீ பண்ணது உன் கணக்கு."

"நான் பண்ணது எவ்ளோ?"

பொருளாளர் தயாராக இருந்தார். அவர் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்டதில் அவருக்கு ஒரு திருப்தி. நோட்டைத் திறந்து படித்துக் காட்டினார். படிக்காமல் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று முன்னுரை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். முன்பு சொன்ன விலையிலேயே பெட்டி, ஐந்து சிப், ஐந்துக்கும் முதல் வருடக் கட்டணம். பெங்களூரிலிருந்து கூரியர் ஆயிரத்து நானூற்று ஐம்பது. பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு விற்பனையாளர் கழித்தது ஐயாயிரம். இதெல்லாம் கம்பெனி. இரண்டாவது முதல் பரிசு மூவாயிரம், பிரியாணி தொள்ளாயிரத்து அறுபது. இது செயலாளர். ஆனால் அதையும் சங்கமே ஏற்கும் என்று மற்ற நான்கு பேரும் எனக்குத் தெரியாமல் முடிவு செய்திருந்தார்கள். மெக்கானிக்கும் சேர்ந்துதான். அவர் தன் இரண்டாவது காரை விற்று ஐந்தில் ஒன்றான என் பங்கில் பாதியையும் முன்கூட்டியே போட்டிருந்தார். நான் அவரைப் பார்த்தபோது, "இருவது சுத்து ஓட்டுனவன் நானு, அத்த மறந்துடாத" என்றார்.

என் தப்புக்காக நான் தனியாகக் கட்ட வேண்டியதாக ஒரே ஒரு வரி இருந்தது. 'செயலாளர் படிக்காமல் கைநாட்டு வைத்த வகையில் அபராதம், ரூபாய் நூற்றியொன்று.' கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பொருளாளர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, உரக்கடையிலிருந்து எடுத்து வந்திருந்த மை டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். வைத்தேன். நன்றாகவே பதிந்தது.

புதுப் பெட்டி வந்துவிட்டது. மஞ்சள் கார் தாண்டினால் 'பீப்' என்கிறது. புதுச்சேரித் தலைவருக்குப் படம் அனுப்பினேன். பத்துப் பேருக்கும் இப்போதே இடம் போட்டுவைக்கச் சொன்னார். பெட்டியை முதலில் இயக்கியபோது ஒரு நிபந்தனைப் பட்டியல் வந்தது. மற்ற நான்கு பேரையும் சுற்றி உட்காரவைத்து, தெரியாத வார்த்தைக்குத் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் படித்துக் காட்டினேன். பாதியில் மாஸ்டர் தூங்கிவிட்டார்.

என் அபராதத்தைக் கழித்துக்கொண்டு, எங்களுக்கு மொத்தம் ஆன செலவு ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று ஒன்பது ரூபாய்.